மேகத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஊசல்

தைவானில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போய்வந்த ஈரோட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தைபே 101 கட்டடத்தின் 89ஆம் மாடியில் நாற்காலி போட்டதுபோல நிம்மதியாக உட்கார்ந்து ஊரையும் மலையையும் பார்த்தாராம். வெளியே நல்ல காற்று. உள்ளே தலை சுற்றவே இல்லை. ‘நடுவில் தொங்கும் அந்தப் பெரிய பொன்னிற உருண்டை எதற்கு, அலங்காரத்துக்கா?’ என்று கேட்கிறார்.

அவருடைய நிம்மதிக்குக் காரணமே அந்த உருண்டைதான்.

508 மீட்டர் உயரம், 101 மாடி, திறப்பு விழா 2004 டிசம்பர் 31. இதெல்லாம் பலரும் அறிந்த செய்தி. ஐந்தாம் மாடியில் ஏறினால் 37 வினாடியில் 89ஆம் மாடியில் இறக்கிவிடும் லிஃப்டைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். காது அடைக்காமலிருக்க அதன் கூண்டுக்குள் காற்றழுத்தத்தையே சீராக்குகிறார்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அந்த உயரத்தில் மனிதனை இயல்பாக இருக்கவைக்க அவர்கள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தைவான் புயல்களின் பாதையில் இருக்கும் தீவு. உயரமான கட்டடத்தைக் காற்று முன்னிருந்து தள்ளுவது மட்டுமல்ல. இரு விளிம்புகளையும் கடக்கும்போது இந்தப் பக்கம் ஒரு சுழல், அந்தப் பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறி உருவாக்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். என் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை ஊஞ்சல் இருந்தது. சின்னப் பிள்ளை ஒரு விரலால் தள்ளினாலும், அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். காற்றும் அப்படித்தான். சுழல்கள் வரும் நேரமும் கட்டடம் தானாக ஆடும் நேரமும் ஒத்துப்போனால் ஆட்டம் வளரும். தைபே 101 ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய ஏழு வினாடி. சுழல்கள் கட்டுக்கோப்பாக உருவாகாமலிருக்க அதன் நான்கு மூலைகளையும் படிப்படியாக வெட்டிவிட்டார்கள். அதிலேயே காற்றின் தாக்கம் கால்வாசி குறைந்துவிட்டது.

மிச்ச ஆட்டத்தை என்ன செய்வது? ஊஞ்சல் என்றால் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவோம். அத்தனை உயரத்தில் காலூன்றத் தரை ஏது? அந்தத் தரைக்குப் பதிலாகத்தான் 660 டன் இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது இவ்வளவு கனமான உருண்டை உடனே கூடப் போவதில்லை, பின்தங்குகிறது. அந்த இடைவெளியில்தான் வேலை நடக்கிறது. உருண்டையையும் கட்டடத்தையும் இணைத்து அடியில் எட்டுப் பெரிய எண்ணெய் உருளைகள் சாய்வாக நிற்கின்றன. உருண்டை அசைய அசைய, உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடிச் சூடாகிறது. கட்டடத்தை ஆட்ட வந்த காற்றின் ஆற்றல் வெறும் வெப்பமாகக் கரைந்துபோகிறது. ஆட்டம் 40 சதவீதம் வரை குறைகிறது என்பது கணக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எடையல்ல, நீளம். உருண்டை கட்டடத்தின் தாளத்திலேயே ஆட விரும்ப வேண்டும். இல்லாவிட்டால் சும்மா கூடவே போய்வரும், பயனில்லை. ஊசலின் தாளத்தை எடை தீர்மானிப்பதில்லை, தொங்கும் நீளம்தான் தீர்மானிக்கிறது. இது பள்ளியில் நூலில் கல்லைக் கட்டிச் செய்த சோதனை. ஏழு வினாடிக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அதே வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: சுமார் 12 மீட்டர். அதனால்தான் 92ஆம் மாடியிலிருந்து தொங்கும் உருண்டை 87, 88ஆம் மாடிகளுக்கு வந்து நிற்கிறது. கட்டி முடித்த கட்டடத்தின் தாளம் காகிதக் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகலாம் அல்லவா? அதற்காகக் கம்பிகளை ஓர் இடத்தில் கவ்விப் பிடிக்கும் சட்டம் ஒன்றை வைத்து, அதை ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்க வழி செய்திருக்கிறார்கள்.

அவ்வளவு எடையை ஒரே துண்டாக மேலே தூக்க முடியாது. 12.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள 41 எஃகுத் தகடுகளை வெவ்வேறு அளவு வட்டங்களாக வெட்டி, மேலே கொண்டுபோய் அடுக்கிப் பற்றவைத்தார்கள். குறுக்களவு ஐந்தரை மீட்டர். கிட்டப்போய்ப் பார்த்தால் அது வழுவழுப்பான பந்தல்ல. தகடுகளின் படிகள் தெரியும்.

ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: இந்த உருண்டை இல்லாவிட்டால் கட்டடம் விழுந்துவிடும் என்று. கட்டடத்தைத் தாங்குவது அதன் பிரம்மாண்டத் தூண்களும் அவற்றைப் பிணைக்கும் எஃகுச் சட்டங்களும்தான். உருண்டை இருப்பது முதன்மையாக மனிதர்களுக்காக. நம் உடல் வேகத்தை உணர்வதில்லை, வேகம் மாறுவதை உணர்கிறது. மெல்ல ஆடும் மாடியில் வயிற்றைப் புரட்டுவது அதுதான். வேலைக்கு வந்தவனுக்குத் தலை சுற்றக்கூடாது என்பதற்காக 660 டன் இரும்பு! பொறியியலில் இதைவிடக் கனிவான காரியம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தைத் தணிக்கும் இத்தகைய எடைகள் (டாம்பர்கள்) புதிதல்ல. நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடத்தில் 1977லேயே 400 டன் கான்கிரீட் பாளம் ஒன்று வந்துவிட்டது. பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் தலைக்கு 300 டன்னில் இரண்டு. ஆனால் அவை மூடிய அறைகளில் இருக்கின்றன. தைபேயில் அதைப் பொன்னிறமாக்கி, சுற்றிலும் மாடம் கட்டி, வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி வைத்தார்கள். இயந்திரத்தை மறைக்காமல் மக்கள் முன் வைத்த இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படி வைத்தும் பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. பலர் உருண்டைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போய்விடுகிறார்கள். நம் ஊரிலும் இதே பழக்கம் உண்டு. லிஃப்டில் தினமும் ஏறும் குழந்தைக்கு அதன் எதிர் எடையை ஒருநாளும் காட்டுவதில்லை; மோட்டார் அறைப் பக்கம் போனால் அதட்டுகிறோம். எது நம்மைச் சுமக்கிறது என்று தெரியாமலே வளரும் பிள்ளை, அது பழுதடையும்போது எரிச்சல்படத்தான் கற்றுக்கொள்ளும். பராமரிப்பவரின் அருமையும் அதற்குத் தெரியாது.

2015 ஆகஸ்ட் 8 அன்று சௌடெலோர் புயல் வீசியபோது இந்த உருண்டை ஒரு மீட்டர் தூரம் அசைந்தது. 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்திலும் ஆடியது. சாதாரண நாளில் அசைவு கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் காற்றடிக்கும் நாளில் போகிறவர்கள், உருண்டை முழுவதையும் பார்க்க முயலாமல், அதன் விளிம்பையும் பின்னால் தெரியும் ஒரு கம்பியையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, தலையை அசைக்காமல் ஏழு வரை நிதானமாக எண்ணுங்கள். கோடு விலகித் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சன்னலும் ஊரும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.