பீபரி தெரியும், பிளாண்டேஷன் ஏ தெரியும்... எந்த மலைக் கொட்டைன்னு தெரியுமா? மதுரையின் காபி கணக்கு!

மதுரைக்குத் ‘தூங்கா நகரம்’ என்று பெயர் வந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதில் ஒரு காரணம் டபராவில் ஆற்றிக் குடிக்கப்படுகிறது என்று காபி பிரியர்கள் சொன்னால், மறுப்பது கஷ்டம். கோரிப்பாளையம் விசாலம் காபிக் கடை முன்னால் நின்றுகொண்டே குடிக்கும் கூட்டமும், மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் டிபனை முடித்த கையோடு காபி கேட்கும் குரல்களும் ஊருக்கே தெரிந்தவை.

ஆனால் உண்மையான போட்டி நடப்பது வீட்டு அடுப்படியில்தான். ‘எங்க வீட்டுக் காபி மாதிரி வருமா?’ என்று சொல்லாத குடும்பம் மதுரையில் அபூர்வம். அந்தப் பெருமை தொடங்கும் இடம், காபிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடை.

“வாங்கக்கா, வழக்கம்போலத்தானே?”

“ஆமாண்ணே. பீபரி பாதி, ஏ பாதி. சிக்கரி இருபது போடுங்க. ரொம்ப நைஸா அரைச்சிராதீங்க, ஃபில்டர்ல இறங்க மாட்டேங்குது.”

மாதத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு பேச்சு நடக்கிறது. கொட்டையின் ரகம், சிக்கரி விகிதம், அரைக்கும் பதம் என எல்லாம் இதில் இருக்கிறது. ஒன்றைத் தவிர! அந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் மதுரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் காபித் தோட்டங்களுக்குள்ளேயே போய்விடலாம்!

பக்கத்து மலையில் பழுக்கும் காபி

வத்தலக்குண்டு தாண்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியாக மேலே ஏறினால் தாண்டிக்குடி. பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலை முழுக்கக் காபிச் செடிகள்தான். சிறுமலையிலும் போடி மலையிலும்கூடக் காபி விளைகிறது. மத்திய அரசின் காபி வாரியம் தாண்டிக்குடியில் ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையத்தையே நடத்திவருகிறது.

இந்தியாவில் காபி உற்பத்தியில் கர்நாடகாதான் ராஜா. அடுத்தது கேரளா. மூன்றாவது இடம் தமிழ்நாட்டுக்கு. அளவு குறைவுதான் என்றாலும், இங்கே விளைவதில் பெரும்பகுதி அராபிகா. வாசனைக்குப் பெயர்போன ரகம் இது.

கீழ்ப்பழனியில் காபி தனியாக வளர்வதில்லை. மேலே நிழல் மரங்கள், அவற்றில் படரும் மிளகுக்கொடி, இடையில் மலைவாழை, ஆரஞ்சு... இவற்றுக்கு நடுவே அராபிகா. நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கும். கொட்டை இறுகி வளரும். பழத்தைப் பறித்து, தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்தால் கிடைப்பதுதான் கடைக்காரர்கள் ‘பார்ச்மென்ட்’ என்று சொல்லும் உறையோடு கூடிய கொட்டை.

மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி, காபித் தோட்டக் குடும்பங்களால் பெயர் பெற்ற ஊர். நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனாருக்குச் சொந்த ஊர். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரில் அமைந்ததுதான். சென்னையில் துணி எடுக்கப் போகிறவர்கள் உச்சரிக்கும் பெயருக்குப் பின்னால் மதுரைப் பக்கத்துக் காபி ஊர் ஒன்று இருக்கிறது!

மலையின் பெயர் எப்படித் தொலைந்தது?

டீக்கு ‘நீலகிரி’, ‘அசாம்’ என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. நம் வீட்டுக் காபிக்கு மட்டும் ஏன் ‘ஏ’, ‘பி’ என்று எழுத்துகள்? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனதால் இந்தியக் காபி விவசாயிகள் தவித்தார்கள். 1942-ல் காபிச் சட்டம் வந்தது. விளைந்த காபியை விவசாயிகள் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து, ஏலம் விட்டு, பணத்தைப் பகிர்ந்து தரும். விவசாயிகளுக்கு அது பாதுகாப்புதான். ஆனால் தாண்டிக்குடிக் கொட்டையும் சிக்மகளூர்க் கொட்டையும் ஒரே தரத்தில் இருந்தால், இரண்டும் ஒரே குவியலுக்குப் போயின. மிஞ்சியது தரத்தின் பெயர் மட்டுமே.

1990-களின் தொடக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விவசாயிகள் முழுக்கச் சொந்தமாக விற்கும் நிலை வந்தது. சட்டம் மாறியது, கடையில் நம் பேச்சு மாறவில்லை. இரண்டு தலைமுறையாகப் பழகிய ‘பீபரி பாதி, ஏ பாதி’ அப்படியே நிற்கிறது.

பீபரி என்றால் உசத்தியா?

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் ஒரே ஒரு கொட்டை மட்டும் உருண்டையாக வளரும். அதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு, சீராக வறுபடும். குறைவாகக் கிடைப்பதால் விலையும் கூடுதல். ஆனால், பீபரி என்ற ஒரே காரணத்துக்காக ருசி கூடிவிடாது. நல்ல தோட்டத்தின் தட்டைக்கொட்டை, சுமாரான தோட்டத்தின் பீபரியைத் தோற்கடித்துவிடும்.

‘பிளாண்டேஷன்’ என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. ‘ஏ’, ‘பி’ என்பதெல்லாம் சல்லடையில் சலித்துப் பிரிக்கும் கொட்டையின் அளவு. ‘செர்ரி’ என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தது.

ரோபஸ்டாவைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் அதில் உண்டு. கசப்பும் திடமும் அதிகம். பால் கூடுதலாகச் சேர்க்கும் வீடுகளில் கால் பங்கு ரோபஸ்டா கலந்தால், பாலுக்குள் காபி காணாமல் போகாது. கறுப்பாகக் குடிப்பவர்களுக்கு அராபிகா மட்டுமே போதும்.

சிக்கரி... கொஞ்சம் உஷார்!

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, அரைப்பார்கள். இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. கஃபீன் துளியும் கிடையாது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். நெப்போலியன் காலத்தில் ஐரோப்பாவுக்குக் காபி வரத்து குறைந்தபோது, பிரான்ஸில் சிக்கரிதான் கைகொடுத்தது.

பத்து, இருபது சதவிகித சிக்கரி பலருக்குப் பழகிய ருசி. அதில் தப்பில்லை. சிக்கல், அது நமக்குத் தெரியாமல் ஏறும்போதுதான்.

பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்ததால், உலகச் சந்தையில் காபி விலை எகிறியது. 2025 பிப்ரவரியில் அராபிகா ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. அந்தச் சூடு மதுரைக் கடைவீதி வரை வந்தது. போதாக்குறைக்கு, வறுக்கும்போது ஈரம் ஆவியாகிக் கொட்டையின் எடையும் குறைகிறது. ஒரு கிலோ பச்சைக்கொட்டை வறுத்தால் 800 முதல் 850 கிராம்தான் தேறும்.

இப்படி விலை ஏறும்போது பட்ஜெட்டைக் காப்பாற்றச் சுலபமான வழி, விலை குறைந்த சிக்கரியைக் கூட்டுவது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும். இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அதாவது, 49 சதவிகிதம் வரை சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரிதான்! இரண்டு பாக்கெட்டுகளின் விலையை ஒப்பிடுவதற்கு முன், பின்பக்கம் உள்ள அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பது நல்லது. ‘விலை குறைவு’ என்று நினைத்தது, சில நேரம் காபி குறைவு மட்டுமே.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே கொஞ்சம் பொடியைத் தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு சீக்கிரமே அடியில் இறங்கும்.

அதே பொடி, வேறு ருசி... ஏன்?

‘அக்கா வீட்டுல குடிச்சா நல்லாருக்கு, அதே பொடியை இங்க போட்டா நல்லால்லையே’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், தண்ணீர்.

மதுரை நகரின் குழாயில் நீண்ட காலமாக வந்தது வைகை அணை வழியாக வரும் தண்ணீர். போர்வெல் தண்ணீரோ பல பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. அப்படிப்பட்ட தண்ணீரில் உள்ள பைகார்பனேட், காபியின் இயல்பான லேசான புளிப்பை அமுக்கிவிடும். காபி சப்பென்று ஆகும். அதற்காக உப்பெல்லாம் வடிகட்டப்பட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. காபியின் ருசியை இழுத்துக் கொடுக்கக் கொஞ்சம் தாது உப்பு வேண்டும். குடிக்க ருசியாக இருக்கும் குழாய்த் தண்ணீரே ஃபில்டருக்கும் ஏற்றது. பொடியை மாற்றும் முன், ஒரு வாரம் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம். செலவே இல்லாத பரிசோதனை இது.

பித்தளை ஃபில்டரும் மோக்கா பாட்டும்

மதுரையில் இளைஞர்கள் இருக்கும் வீடுகளில் பாட்டியின் பித்தளை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே புதுக் கருவிகளும் குடியேறத் தொடங்கிவிட்டன. இத்தாலியில் 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பட்டறையில் பிறந்த மோக்கா பாட், ஆவி அழுத்தத்தால் தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. நம் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. மோக்கா சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபில்டருக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலிதான் கெட்டி டிகாக்‌ஷன்.

தோட்டத்தின் பெயரையும் வறுத்த தேதியையும் பாக்கெட்டில் அச்சிடும் புதிய நிறுவனங்களிடம் ஆன்லைனில் ஆர்டர் செய்வதும் அதிகரித்திருக்கிறது. 2013-ல் டெல்லியில் தொடங்கிய ‘புளூ டோக்காய்’ அப்படி ஒன்று. அந்த ‘டோக்காய்’ வேறொன்றும் இல்லை, நம் மயில் தோகைதான்! டெல்லி வழியாகச் சுற்றிவரும் இந்தப் பழக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் மதுரைக் கடைகளுக்கு இன்னும் சுலபமாக வர வேண்டியது.

வீட்டில் போடும்போது...

* இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி, சுமார் 150 மில்லி தண்ணீர். பொடியை லேசாகச் சமன்படுத்தினால் போதும். அழுத்தினால் டிகாக்‌ஷன் இறங்காது.

* கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிடம் கழித்து ஊற்றவும். முதலில் பொடி நனையும் அளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விட்டு மீதியை ஊற்றினால் ருசி சீராக இறங்கும்.

* 15 முதல் 20 நிமிடம் காத்திருக்கவும். இடையில் ஃபில்டரைத் தட்ட வேண்டாம்.

* டிகாக்‌ஷனை நேரடியாகக் கொதிக்க வைத்தால் கசக்கும். ஆறிவிட்டால், பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்கலாம்.

* கருப்பட்டிக் காபி பிரியர்கள் பாலை இறக்கிய பிறகு கருப்பட்டிப் பாகைச் சேர்க்கவும். அடுப்பில் இருக்கும்போதே சேர்த்தால் பால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு.

* பொடியை 200, 250 கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். ஒரு கிலோவாக வாங்கினால், கடைசிக் கால் கிலோவில் நிறம் இருக்கும், மணம் இருக்காது.

கடையில் கேட்க நான்கு கேள்விகள்

அடுத்த முறை பொடி வாங்கும்போது, ‘வழக்கம்போலத்தானே?’ என்ற கேள்விக்குத் தலையாட்டும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். எப்போது வறுத்தது? அராபிகா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு? சிக்கரி சரியாக எத்தனை சதவிகிதம்? எந்த மலைக் கொட்டை?

முதல் மூன்றுக்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கும். நான்காவதுக்கு முதல் நாள் பதில் கிடைக்காமல் போகலாம். ஆனால், நாலு பேர் தொடர்ந்து கேட்டால், கடைக்காரர் தன் வியாபாரியிடம் கேட்பார். வியாபாரி மலையில் கேட்பார். விலை ஏறினாலும் இறங்கினாலும் தாண்டிக்குடியிலும் சிறுமலையிலும் பழம் பறிக்கும் சிறு விவசாயிக்கு, தன் மலைப் பெயரைச் சொல்லி விற்கும் வாய்ப்பு அப்படித்தான் வர முடியும். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே அராபிகா அறுவடை. கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை!