முதிய காருக்கு ஒரு புதிய உருகிப் பெட்டி

மூத்தோரைப் பேணுவது போலவே மூத்த மோட்டார் வண்டிகளையும் பேணிவரும் குடும்பங்கள் நம் நாட்டில் பல உள. யாழ்ப்பாணத்து வீதிகளிலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் முதலிய வண்டிகள் இன்றும் ஓடக் காண்கிறோம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி ஒடுக்கப்பட்டது. ஆகவே, இருந்த வண்டியைக் காப்பதே வழியாயிற்று. 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோது மண்ணெண்ணெயிலும் ஓடி நோயாளரையும் முதியோரையும் சுமந்தவை இவ்வண்டிகளே. இன்று கலியாண ஊர்வலங்களில் அவை மாலை சூடி நிற்பது அந்த உழைப்புக்குத் தகுந்த மரியாதையேயாம்.

எனினும் இம்மரியாதையோடு கூடவே ஓர் ஆபத்தும் வண்டிக்குள் ஏறிவிடுகிறது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற ஒரு துளை, பிள்ளைகளுக்குக் காற்று வீச ஒரு சிறு விசிறி, பாட்டுக் கேட்க ஓர் ஒலிக்கருவி, மழையிரவுக்கு மேலும் இரண்டு விளக்குகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும், மின் எங்கே வருகிறதோ அங்கே ஒரு வயரைத் திருகி நாடா சுற்றி விடுகிறார்கள். தொடக்கத்தில் யாவும் ஒழுங்காகவே நடைபெறும். தீமை பின்னர்தான் தெரியவரும்.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டில் இவ்வண்டி அறிமுகமானபோது அதன் மின் தேவை மிகச் சொற்பம். லூக்காஸ் கம்பனி அமைத்த உருகிப் பெட்டியில் இரண்டே இரண்டு உருகிகள் இருந்தன. ஒன்று, ஹோண் போல எந்நேரமும் மின் வேண்டுவனவற்றுக்கு. மற்றது, திறப்பைத் திருப்பிய பின்னரே இயங்கும் துடைப்பான், நிறுத்த விளக்கு முதலியவற்றுக்கு. முகப்பு விளக்குகளுக்கோ உருகியே இல்லை! பருத்தி நூல் சுற்றிய அக்கால வயர்கள் பல ஆண்டு வெப்பத்தையும் எண்ணெய்ப் பசையையும் கண்டு உறை நொறுங்கிய நிலையிலிருக்கும். அவற்றின்மேற் புதுச்சுமை ஏற்றுவது, தளர்ந்த பாட்டனார் தலையில் நெல்மூட்டை வைப்பது போன்றதாகும்.

உருகி எதனைக் காக்கிறது என்று மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் கருவியைக் காக்கிறது என்பர். அஃது முதன்மையாக வயரையே காக்கிறது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது வயர் சூடேறி எரியுமுன் தான் உருகித் தொடரை அறுத்துவிடுகிறது. ஆதலால் உருகியின் அளவு வயரின் தாங்குதிறனுக்கு உட்பட்டதாயிருத்தல் வேண்டும். உருகி அடிக்கடி எரிகிறதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்போர் இன்றும் உளர். காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதே அச்செயல். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய லூக்காஸ் உருகியில் 35 என்றிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 அம்பியரேயாம். இக்காலத் தகட்டு உருகிகளில் எழுதப்பட்டிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே 35க்கு 35 என்று மாற்றுதல் தவறு.

இதற்குப் பரிகாரம் யாது? பழைய வயர்த்தொகுதியைத் தொடாது, புதுக் கருவிகளுக்கெனத் தனியாக ஒரு துணை உருகிப் பெட்டி வைப்பதேயாம். அதற்குரிய மின்னைப் பற்றறியிலிருந்தே நேராகப் பெறவேண்டும். ஆயினும் வண்டி நிற்கும்போது அம்மின் தானே அற்றுப்போதல் வேண்டும். இன்றேல் மறதியால் விட்ட விசிறி விடியுமுன் பற்றறியை வற்றச் செய்துவிடும். இதற்கு உதவுவது றிலே என்னும் மின்காந்த ஆளி. திறப்பினால் வரும் சிறு மின்னோட்டம் அதன் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. சுருளுக்கு வேண்டுவது ஓர் அம்பியரின் ஐந்திலொரு பங்களவே. பழைய ஆளிக்கு இது ஒரு பாரமன்று.

வேலைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலிற் பற்றறியின் புவித்தொடுப்பு வயரைக் கழற்றிவிடுக. பற்றறியின் மறுமுனையிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஒன்றைக் கொணர்ந்து, பற்றறிக்கு மிக அண்மையில் 20 அம்பியர் தலைமை உருகி ஒன்றை இடுக. அங்கிருந்து றிலேயின் 30ஆம் முனைக்கும், அதன் 87ஆம் முனையிலிருந்து துணைப் பெட்டிக்கும் வயர் செல்லும். 86ஆம் முனைக்குப் பழைய பெட்டியின் பச்சை வயரிலிருந்து இணைப்பு. திறப்பைத் திருப்பியதும் உருகி வழியாக மின் பெறுவது பச்சை வயர். 85ஆம் முனை, வர்ணம் சுரண்டிய தூய உலோக உடலோடு இணையும். தகடுகளைத் துளைத்துச் செல்லுமிடமெல்லாம் றப்பர் வளையம் இடுதல் அவசியம். திறப்பின்றியும் இயங்கவேண்டிய அபாய விளக்குப் போன்றவற்றை இப்பெட்டியிற் சேர்த்தல் ஆகாது. அவற்றுக்குத் தனி உருகி வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உவாற்றை உவோற்றினால் வகுத்தால் அம்பியர் வரும். 60 உவாற்று விளக்கொன்று 12 உவோற்றில் 5 அம்பியர் கொள்ளும், இரண்டுக்கு 10. ஆனால் பெட்டி புதிதானாலும் மின்னைத் தருவது பழைய தைனமோவே. அதன் உச்ச வரவு 19 முதல் 22 அம்பியர் வரையே. வண்டி நின்றபடி இயங்கும்போது அதுவும் இல்லை. முகப்பு விளக்குகளுக்கு 7, பக்க, பின் விளக்குகளுக்கு 2, எரிபற்றலுக்கு 4, துடைப்பானுக்கு 3 என வைத்தால் இராச்செலவே 16 அம்பியராகிறது. மிஞ்சுவது மூன்று முதல் ஆறு வரையே. துணைப் பெட்டி மின்னைப் பங்கிடுமேயன்றிப் பெருக்காது. வரவறிந்து செலவு செய்யும் குடும்பம் போல வண்டியும் வாழவேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அக்கால ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலனவற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இக்கால முறை இதற்கு நேர்மாறானது. இதனை நோக்காது தொலைபேசி மின்னேற்றியையோ ஒலிக்கருவியையோ பொருத்தினால் அவை நொடியிற் பழுதாகலாம். உள்ளே டயோட்டு வைத்த றிலேயையும் அவ்வண்டிகளில் விலக்குதல் நன்று. பற்றறியைப் பார்த்து முனையறிந்த பின்னரே எதையும் வாங்குக.

வேலை முடிந்ததும் எந்த உருகி எதற்குரியது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். பத்தாண்டின் பின் அம்மூடியைத் திறப்பவர் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். வண்டியை மட்டுமன்றி, அதனை விளங்கிக்கொள்ளும் வழியையும் விட்டுச்செல்வதே முறை. நல்ல மின்கைவினைஞர் ஒருவருக்கு இஃது ஒரு நாள் வேலை; அன்று பிள்ளைகளையும் அருகில் நிற்கச் செய்யுங்கள். பாடப்புத்தகத்திற் படித்த மின்னோட்டம் அவர்கள் கண்முன்னே உயிர்பெறும்.