ஒலிம்பிக் கால்பந்தாட்டம்: தகுதி என்னும் முதல் வெற்றி

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக் பந்தயங்கள் வரும்போதெல்லாம் மாணவர் விடுதிகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. “இத்தனை கோடி மக்கள் வாழும் நாட்டில் பந்தை உதைக்கப் பதினொரு பேர் கிடைக்கவில்லையா?” என்பதே அக்கேள்வி. அதில் ஆத்திரம் இருக்கிறது. ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆயினும், அந்தப் பதினொருவர் எந்த வாயில் வழியாக ஒலிம்பிக் அரங்கினுள் நுழைய வேண்டும், அந்த வாயில் எவ்வளவு அகலம், அதைத் திறப்பவர் யார் என்பவற்றை அறியாமல் விடை காண முடியாது. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் பழைய பெருமையை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டு இலண்டனில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது. நம்மவருட் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சிடம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றோம். நமக்கு அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இன்றுள்ளது போன்ற கண்டவாரியான தகுதிப் போட்டிகள் அப்போது இல்லை. 1952-இல் ஹெல்சிங்கியிலும் முதற்சுற்றைப் பந்தயம் நடந்த நாட்டிலேயே வைத்துக்கொண்டனர். அங்கே யூகோஸ்லாவியா நம்மை 10–1 என்று வென்று, முதல் ஆட்டத்தோடு திருப்பி அனுப்பியது.

1956-இல் மெல்பர்னில் நாம் நான்காம் இடம் பெற்றோம். நம் கால்பந்து வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட்ட செய்தி இதுவே. நெவில் டி’சோசா மூன்று கோல் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றோம். அது உண்மையான வெற்றி, ஐயமில்லை. ஆனால் மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு விலகிக்கொண்ட நாடுகள் பல. வந்து ஆடியவை 11 மட்டுமே. தகுதி ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்ற பிரிட்டனைக்கூட, இடம் காலியாக இருந்ததால் அழைத்துக்கொண்டார்கள். நம் முதல் எதிரியாக வரவேண்டிய ஹங்கேரி, உள்நாட்டுப் புரட்சிக் கொந்தளிப்பின் காரணமாகத் தன் அணியை அனுப்பவில்லை. ஆகவே ஆடாமலே ஒரு சுற்றைக் கடந்தோம். பின்னர் அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1–4 என்றும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 என்றும் தோற்றோம். நான்காம் இடத்துக்கு வந்த வழியில் களத்தில் பெற்ற வெற்றி ஒன்றே ஒன்று.

இதைச் சொல்வது அவ்வீரர்களைக் குறைத்துப் பேசுவதற்கு அன்று. என் கருத்தில், அதைவிட உயர்ந்த சாதனை ஒன்று நம் கண்ணில் படாமல் கிடக்கிறது என்பதைக் காட்டுவதற்கே. அது 1960-ஆம் ஆண்டின் உரோமாபுரி. அம்முறை உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, போட்டி நடத்தி, 16 அணிகளைத் தேர்ந்தெடுத்தனர். இந்தியா ஆப்கானிஸ்தானைக் கடந்தது. பின்னர் இந்தோனேசியாவைக் கல்கத்தாவில் 4–2 என்றும், அவர்கள் மண்ணிலேயே ஜகார்த்தாவில் 2–0 என்றும் வென்று இடத்தைப் பெற்றது. உரோமில் ஹங்கேரியிடம் 1–2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1–3 என்று தோற்றது. தன் பிரிவில் கடைசி இடந்தான். எனினும் வாயிலை நாமே திறந்து உள்ளே சென்ற ஆண்டு அது. பெருவுக்கு எதிராக நம் கோலை அடித்தவர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே.

ஏன் கடைசியாயிற்று? 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை வென்று நாம் தங்கம் பெற்றோம். அத்தகைய அணி, 1964-ஆம் ஆண்டு டோக்கியோவுக்கான தகுதிப் போட்டியில் இலங்கையை 5–3, 7–0 என்று வென்றபின், ஈரானிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று நின்றது. நம் ஆட்டம் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. ஆசியாவின் மற்ற நாடுகள் வளரத் தொடங்கிவிட்டன. வாயில் இருந்த இடத்திலேதான் இருந்தது. அதன் முன் நின்ற வரிசைதான் நீண்டது.

தகுதிப் போட்டியில் மக்கள் எவ்வளவு உள்ளத்தை வைத்திருந்தார்கள் என்பதற்கு அதே 1964-ஆம் ஆண்டின் துயரம் ஒன்று சான்றாகும். மே 24 அன்று பெரு நாட்டின் தலைநகரான லீமாவில் பெருவும் அர்ஜென்டினாவும் டோக்கியோ தகுதிக்காக மோதின. பெரு ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெரு அடித்த கோலை நடுவர் செல்லாது என்று அறிவித்தார். மக்கள் களத்தில் இறங்கினர். காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். வெளியேற ஓடியவர்கள் மூடிக் கிடந்த இரும்புக் கதவுகளின் முன் நெருக்குண்டு மூச்சடைத்து மாண்டனர். அரசு கணக்குப்படியே இறந்தவர் 328 பேர். கால்பந்து வரலாற்றில் இதற்கு நிகரான கொடுமைகள் மிகச் சிலவே.

இனி, யார் ஆடலாம் என்ற விதியைப் பார்ப்போம். நெடுங்காலம் ஊதியம் பெறாத ‘அமெச்சூர்’ ஆட்டக்காரருக்கே ஒலிம்பிக்கில் இடமிருந்தது. மேற்கு ஐரோப்பாவின் சிறந்த வீரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அவர்கள் வர இயலாது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலோ சிறந்த வீரர்கள் படையிலோ ஆலையிலோ பணியாளராகப் பதிவு பெற்றிருந்தனர். அவர்கள் அமெச்சூர் என்றே கருதப்பட்டனர். விளைவு என்ன? 1952 முதல் 1980 வரை நடந்த எட்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் கிழக்கு ஐரோப்பாவுக்கே போயிற்று. 1984-இல் தொழில்முறையாளரும் அனுமதிக்கப்பட்டனர். 1992 முதல் ஆடவர் அணிக்கு 23 வயது வரம்பு வந்தது. 1996 முதல் வரம்பைக் கடந்த மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

இடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன? 2024-ஆம் ஆண்டு பாரிஸ் பந்தயத்தில் ஆடவருக்கு 16 இடங்கள். நடத்தும் நாடான பிரான்சுக்கு 1, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகியவற்றுக்கு மும்மூன்று, தென் அமெரிக்காவுக்கும் வட, மத்திய அமெரிக்கப் பகுதிக்கும் இவ்விரண்டு, ஓசியானியாவுக்கு 1. எஞ்சிய ஓரிடத்துக்காக ஆசியாவின் நான்காம் அணியும் ஆப்பிரிக்காவின் நான்காம் அணியும் ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும்.

இதில் வேடிக்கைகளும் உண்டு. ஐரோப்பாவின் தகுதிப் போட்டியாக அமைந்தது 2023-இல் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் கோப்பை. அதை வென்றது இங்கிலாந்து. ஒலிம்பிக்குக்குப் போனவையோ ஸ்பெயின், இஸ்ரேல், உக்ரைன் ஆகிய மூன்றும். ஏனெனில் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து என்ற நாடு இல்லை. பிரிட்டன் என்ற ஒன்றே உண்டு. கால்பந்திலோ இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு சங்கங்கள். மேலும் அக்கோப்பையில் 2000-ஆம் ஆண்டில் பிறந்தவரும் ஆடினர். ஒலிம்பிக்குக்கோ 2001-இலும் அதற்குப் பின்னரும் பிறந்திருக்க வேண்டும். ஆகவே இடத்தை வென்று கொடுத்தவருள் சிலர் அந்த மூன்று விலக்கு இடங்களில் ஒன்று கிடைத்தாலன்றி அங்கே ஆட இயலவில்லை. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் மற்றொருவன்!

வலிய அணிகள் வாயிலில் இடறி விழுவது ஏன்? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசியத் தகுதிப் போட்டியில் 16 அணிகள். பிரிவுக்கு இரண்டாகக் காலிறுதிக்கு எட்டு. மூன்று இடங்களுள் ஒன்றைப் பெறக் காலிறுதியில் வெல்ல வேண்டும். பிறகு அரையிறுதியிலோ, அதில் தோற்றால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலோ வெல்ல வேண்டும். மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்லக்கூடிய வலிமை வாய்ந்த அணி ஒன்று காலிறுதியில் நிற்கிறது என்று கொள்வோம். காலிறுதியில் அதன் வாய்ப்பு 2/3. அடுத்த கட்டத்தில் 2/3 உடன், தோற்றபின் மீளும் 1/3 × 2/3 சேர்ந்து 8/9. இரண்டையும் பெருக்கினால் 16/27. அதாவது, ஆப்பிரிக்க அணியுடன் ஆடும் கூடுதல் ஆட்டத்தை ஒதுக்கிவிட்டால், அத்தகைய வலிய அணியும் 27-இல் 11 முறை வெளியே நிற்கும்!

இது ஏட்டுக் கணக்கன்று. 1988 முதல் தொடர்ந்து ஒன்பது ஒலிம்பிக்குகளுக்குத் தகுதி பெற்ற தென்கொரியா, 2024-இல் தன் பிரிவின் மூன்று ஆட்டங்களையும் ஒரு கோலும் வாங்காமல் வென்றது. பின்னர் கோப்பையையே வென்ற ஜப்பானும் அதனிடம் தோற்றிருந்தது. ஆயினும் காலிறுதியில் இந்தோனேசியாவுடன் 2–2 என்று சமனாகி, பெனால்டி உதைகளில் 10–11 என்று வீழ்ந்தது. முந்தைய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற பிரேசிலும் அவ்வாண்டு தகுதி பெறவில்லை. அந்த இந்தோனேசியாவோ 1956-க்குப் பின் ஒலிம்பிக்கைக் காணாத நாடு. அது கடைசி இடத்துக்கான ஆட்டத்தில் கினியிடம் 0–1 என்று தோற்று, வாசற்படியில் நின்று திரும்பியது. 1960-இல் நம்மிடம் தோற்ற நாடு அந்தப் படிவரை வந்துவிட்டது. நாமோ 2023-இல் சீனாவிடமும் ஐக்கிய அரபு நாட்டிடமும் தோற்று, அந்த 16 அணிகளுள் ஒன்றாகவும் ஆகவில்லை. வலியவன் இடறும் வாயில் எளியவனுக்கும் திறக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு எளியவன் வாசலுக்காவது வந்து சேர வேண்டும்.

வசதியின்மை காரணம் என்று சொல்பவர்கள் ஈராக்கை எண்ணிப் பார்க்கலாம். போரால் சிதைந்த அந்நாடு, 2004-ஆம் ஆண்டுத் தகுதிப் போட்டியில் தன் சொந்த ஊர் ஆட்டங்களை அயல்நாடான ஜோர்டானில் ஆட நேர்ந்தது. அப்படியும் தகுதி பெற்றது. ஏதென்சில் போர்ச்சுகலை வென்று நான்காம் இடம் வரை சென்றது.

மகளிர் கால்பந்து 1996-இல்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதில் வயது வரம்பு இல்லை. நாட்டின் முதல் அணியே ஆடும். 2019 ஏப்ரலில் மியான்மரின் மண்டலேயில் நம் மகளிர் இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, மியான்மருடன் 3–3 என்று சமன் செய்தனர். புள்ளிகள் சமம், கோல் வேறுபாட்டில் மியான்மர் முந்தியது. இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் அடுத்த சுற்று நம்முடையது. அவ்வணியில் தமிழ்நாட்டின் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இருந்தனர். எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம்?

2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பந்தயத்தில் ஆடவருக்கான இடங்கள் 16-இலிருந்து 12 ஆகக் குறைகின்றன. மகளிருக்கு 12-இலிருந்து 16 ஆகக் கூடுகின்றன. ஒரு வாயில் குறுகுகிறது, மற்றொன்று விரிகிறது. விரியும் வாயில் எதுவோ அதன்பால் நாட்டின் பணமும் பயிற்சியும் செல்ல வேண்டும் என்பது எளிய கணக்கு.

தோழர்களே! இறுதிப் போட்டியை உலகமே பார்க்கிறது. தகுதிப் போட்டியோ யாருமறியாத ஊரில், பாதி காலியான அரங்கில், வேலை நாளின் பிற்பகலில் முடிந்துவிடுகிறது. நாட்டின் நான்காண்டுத் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. “பதினொரு பேர் இல்லையா?” என்று ஒலிம்பிக் மாதத்தில் மட்டும் கேட்பதை விட்டு, “தகுதிப் போட்டி என்றைக்கு? யார் ஆடுகிறார்கள்?” என்று மற்ற நாற்பத்தேழு மாதங்களிலும் கேட்கப் பழகுவோம்.