கையெழுத்து போவதற்கு முன்

“அண்ணே, அம்மாவ வச்சுப் பாத்துக்கிற மாதிரி நல்ல எடம் ஏதாச்சும் இருக்கா? மாசம் எவ்வளவு ஆனாலும் அனுப்பிடுறேன்.”

கீரமங்கலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான் தம்பி. சிங்கப்பூரிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருந்தான். கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவுக்கு 74 வயது. சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணி நேரத்தில், “எனக்கு யாரும் சோறு போடல” என்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கஜா புயலில் விழுந்த தென்னை ஒவ்வொன்றும் நினைவில் இருக்கிறது. காலையில் பேசிய பேரனின் பெயர் வரவில்லை. என் அம்மாவை இதே போன்ற மறதி நோயோடு ஆறு வருடம் பார்த்தவன் நான். அதனால்தான் என்னிடம் கேட்டான்.

“இடத்தை அப்புறம் தேடலாம், முதல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ” என்றேன்.

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று சொல்லியே நாம் இரண்டு, மூன்று வருடத்தை இழந்துவிடுகிறோம். நானும் இழந்தேன். மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, உப்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், கீழே விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகச் சேரும் ரத்தக்கட்டு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று உளறினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும். சில ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். 2017-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புதுக்கோட்டை முள்ளூரில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் காட்டு என்றேன். அல்சைமர் என்று உறுதியானால் டோனபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் தருவார்கள். நோயை அவை குணப்படுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் தடுமாற்றம் குறையும், அவ்வளவுதான். ஜெனரிக்காக வாங்கினால் செலவும் குறையும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். அதாவது நம் ஆத்தாக்களிடம், அப்பத்தாக்களிடம். ஆனால் மறதி நோய்க்கென்றே நடத்தப்படும் இல்லங்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில்தான். நம் பக்கத்து முதியோர் இல்லங்கள் பலவற்றில், இரவில் எழுந்து நடப்பவர், வழி தெரியாமல் வெளியே போய்விடுபவர் என்றால் சேர்க்கத் தயங்குவார்கள்.

பணக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். இல்லத்துக்கு மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 4,80,000. இந்த நோயோடு எட்டு வருடம் இருப்பவர்களும் உண்டு. எட்டு வருடத்துக்கு 38,40,000 ரூபாய். முதல் மாதப் பணத்தை அனுப்ப முடியுமா என்று பார்க்காதே, எட்டாம் வருடப் பணம் எங்கிருந்து வரும் என்று பார். பாதியில் திருப்பிக் கூட்டிவந்தால், புது இடத்துக்குப் பழக முடியாத அந்த மனம் இரண்டாவது முறையும் தவித்துப்போகும்.

“காப்பீட்டு அட்டை இருக்குல்ல?” என்றான். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் எதுவானாலும் வருடத்துக்கு 5 லட்சம் என்று ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது உண்மை. அது ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்கு. இடுப்பு எலும்பு முறிந்தால் உதவும். குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரி முழித்திருக்கும் ஆளுக்கு அந்த அட்டையிலிருந்து ஒரு ரூபாய் வராது. இந்த நோயின் பெருஞ்செலவு அந்த ஆள்தான். ஊரில் வருமான வரி கட்டும் அவன் அண்ணனுக்கு ஒரு வழி உண்டு. பழைய வரிமுறையில், 80டிடிபி என்று அறியப்படும் கழிவின் கீழ், குறிப்பிட்ட சில நோய்களுக்காக மூத்த குடிமக்களுக்கு ஆகும் மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை கழிவு கேட்கலாம். அந்த நோய்ப் பட்டியலில் டிமென்ஷியா இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று சிறப்பு மருத்துவரின் சான்று வேண்டும்.

அடுத்து நான் கேட்டதுதான் அவனைக் கலக்கியது. “அம்மா இப்ப கையெழுத்துப் போடுறாங்களா?”

என் அம்மா கையெழுத்துக் கற்றது அறிவொளி இயக்கத்தில். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் ஊர் ஊராக எழுத்தும் சைக்கிளும் கற்றார்களே, அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர். கைநாட்டு வைக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். ஒருநாள் வங்கியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். முதல் எழுத்தே வரவில்லை. அவர் கணக்கில் பணம் இருந்தது, அவர் வைத்தியத்துக்கு அதை எடுக்க எங்களால் முடியவில்லை. கூட்டுக் கணக்காக மாற்ற, அதற்கு முந்தைய வருடமே போயிருக்க வேண்டும்.

“பவர் எழுதி வாங்கிட்டா?” என்று கேட்டான். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் சித்தம் கலங்கிவிட்டால், சாதாரணப் பவர் பத்திரத்தின் அதிகாரமும் முடிந்துபோகும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு அவர் சொத்தை விற்றுச் செலவு செய்ய வேண்டுமானால் நீதிமன்றம்தான். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள, மனைவியைக் காப்பாளராக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. அதற்கு அந்தப் பெண் மேல்முறையீடு வரை போகவேண்டியிருந்தது.

ஆகவே, அம்மா தெளிவாகப் பேசும் நாட்களிலேயே வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரைச் சேருங்கள். நாமினேஷனைச் சரிபாருங்கள். உயில் எழுத அவருக்கு விருப்பம் இருந்தால், தெளிவாக இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றோடு எழுதட்டும். யாருக்கு என்ன என்பதை அவர் சொல்லட்டும், பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நினைவு போனபின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் உருட்டுவது திருட்டு. கூடப்பிறந்தவர்கள் செலவில் பங்கு தர மறுத்தால், 2007-ஆம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் மூன்று கோட்டங்களிலும் அந்தத் தீர்ப்பாயம் உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம்.

இரண்டாவது டீ வந்தது. “அப்ப வீட்லயே வச்சுக்கச் சொல்றீங்களா?” என்றான்.

முடிந்தவரை, ஆம். ஆனால் உன் மனைவியின் தலையில் மட்டும் வைத்து அல்ல. இந்த நோய்க்கு நாடு செய்யும் செலவில் பாதிக்கு மேல், வீட்டார் சம்பளமில்லாமல் கொடுக்கும் உழைப்பின் மதிப்புதான் என்று 2010-இல் வந்த டிமென்ஷியா இந்தியா அறிக்கை கணக்கிட்டது. அது உன் வீட்டில் யாருடைய உழைப்பு? இல்லத்துக்கு அனுப்ப நினைக்கும் பணத்தில் பாதி இருந்தால் ஊரிலேயே ஒரு அம்மாவைப் பகலுக்கு வைக்கலாம். வயல் வேலைக் கூலியைவிடக் கூடுதலாகக் கொடு, வாரம் ஒரு நாள் லீவு கொடு. மாதத்தில் நான்கு நாள் உன் அக்கா வந்து இருக்கட்டும், உன் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். இந்தத் தூக்கத்தை மருந்துச் செலவோடு சேர்த்து எழுது.

வீட்டுக் கிணற்றுக்கு மூடி போடு. ஊருணிப் பக்கம் போகும் கொல்லைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வை. சேலைத் தலைப்பில் போன் நம்பரைத் தைத்துவிடு. முக்கியமாக டவுன் பஸ் கண்டக்டர்களிடம் சொல்லி வை. 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம். நல்ல விஷயம்தான், ஆனால் வழி மறந்தவர் கையில் காசே இல்லாமல் ஏறி எங்கேயோ இறங்கிவிட முடியும். என் அம்மா அப்படி ஆவுடையார்கோவிலில் கிடைத்தார்.

வீட்டில் முடியாத கட்டம் வரும். அடிக்கிறார், ராத்திரி முழுவதும் தூங்குவதில்லை, தூக்கிப் புரட்ட ஆள் இல்லை என்றால் இல்லத்தில் சேர்ப்பது பாவம் இல்லை. சேர்ப்பதற்கு முன் ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார். எத்தனை பேருக்கு ஓர் ஆள்? யாரையாவது கட்டி வைத்திருக்கிறார்களா? எல்லாரும் மாலையிலேயே மயங்கிக் கிடக்கிறார்களா? அடக்கி வைக்கக் கொடுக்கும் சில மனநல மாத்திரைகள் மறதி நோய் உள்ள முதியவர்களின் மரண ஆபத்தையே கூட்டும். உள்ளே விடவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

தம்பிக்கு லீவில் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை முள்ளூர், புதன்கிழமை வங்கி என்று போனில் குறித்துக்கொண்டான்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த லீவுக்குத் தள்ளாதீர்கள். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.