இலை கரைந்தாலும் பிடுங்காதீர்கள்

கடையில் செழிப்பாக இருந்த செடியை வாங்கி வந்து மீன் தொட்டியில் நட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இலைகள் நிறம் மங்கி, மறுபக்கம் தெரியுமளவு மெலிந்து, கூழாகிக் கரையத் தொடங்கும். கிரிப்டோகோரைன் வளர்க்கும் புதியவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் செடி செத்துவிட்டது என்று வேரோடு பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சாவதில்லை. மணலுக்குள் அதன் கிழங்கு உயிரோடு இருக்கிறது. தொந்தரவு செய்யாமல் விட்டால் சில வாரங்களில் புது இலை வரும்.

கிரிப்டோகோரைன் நம் சேம்புக்கும் கருணைக்கும் உறவு, அதே குடும்பம். இந்தியாவிலிருந்து நியூகினி வரை 60-க்கு மேற்பட்ட இனங்கள் பரவியிருக்கின்றன. சித்த மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் விற்கும் கிழங்கு, இந்தப் பேரினத்தைச் சேர்ந்த 'ஸ்பைராலிஸ்' என்ற இனத்தினுடையது. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் 'வென்டி' இனத்துக்குச் சொந்த ஊர் இலங்கை. வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நெதர்லாந்தின் தாவரவியலாளர் ஹென்ட்ரிக் டி விட் 1958-இல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பச்சை, பழுப்பு என்று தனித்தனியாக விற்பவை எல்லாம் இந்த ஒரே இனத்தின் வகைகள்தான்.

இலை ஏன் கரைகிறது என்பதற்கு விடை அதன் பிறந்த ஓடையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை பெருகினால் செடி முழுவதும் நீருக்குள் போய்விடும். வறண்ட மாதங்களில் நீர் வடிந்தால் இலைகள் வெளியே வந்துவிடும். இரண்டு வாழ்க்கைக்கும் அது இரண்டு விதமான இலைகளை விடுகிறது. காற்றில் வளரும் இலைக்கு ஈரம் போகாமல் காக்கும் மெழுகுப் படலமும், கரியமில வாயுவை உள்ளே விடும் இலைத்துளைகளும் வேண்டும். நீருக்குள் இவை உதவாது. காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் கரியமில வாயு நீரில் பரவும். ஆகவே நீருக்குள் விடும் இலை மெல்லியதாக, தன் பரப்பு முழுவதாலும் வாயுவை உறிஞ்சிக்கொள்வதாக இருக்கிறது.

நாற்றுப் பண்ணைகளில் இந்தச் செடியைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். பாசி பிடிக்காது, வேகமாகவும் வளரும். அப்படி வந்த செடியைத் தொட்டிக்குள் அமிழ்த்தும்போது, இனி பயன்படாத இலைகளை அது கைவிடுகிறது. கிழங்கில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு புது இலைகளைக் கட்டத் தொடங்குகிறது. ஏற்கெனவே தொட்டியில் நன்றாக இருந்த செடியும், இடம் மாற்றினாலோ, வெளிச்சமோ நீரின் வெப்பமோ திடீரென மாறினாலோ இதேபோல் இலை உதிர்ப்பதுண்டு. ஆகவே நட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் இந்தச் செடிக்கு நாம் செய்யும் பெரிய உதவி. கரைந்த இலைகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா சேர்ந்து மீன்களைப் பாதிக்கும்.

உணவில் பெரும்பகுதியை வேர் வழியாக எடுப்பதால், 5 செ.மீ. ஆழத்துக்காவது மணலோ பொடிச் சரளையோ இருக்க வேண்டும். வெறும் சரளை என்றால் வேருக்கருகே உர மாத்திரை ஒன்றைப் புதைத்து வையுங்கள். நடும்போது இலைகள் புறப்படும் குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியட்டும். மூடினால் அழுகும். வெளிச்சம் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். கூடினால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். நீரின் வெப்பம் 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி காற்று வீசினால் ஆவியாதல் மூலம் ஓரளவு தணியும். சற்றுக் கடினமான நிலத்தடி நீரை 'வென்டி' தாங்கிக்கொள்ளும். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். தங்கமீன் மட்டும் வேண்டாம், மண்ணைக் கிளறிச் செடியைப் பெயர்த்துவிடும்.

மிகச் சிறிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு 'பார்வா' பொருத்தம். இதுவும் இலங்கைக்கே உரியது. இந்தப் பேரினத்திலேயே மிகச் சிறியது. 5 செ.மீ. அளவுக்கே வளரும், அதுவும் மிக மெதுவாக. பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள்.

இந்தச் செடியின் பூவைத் தொட்டிக்காரர்கள் அதிகம் பார்ப்பதில்லை, ஏனெனில் நீர் வடிந்த காலத்தில்தான் பொதுவாகப் பூக்கும். நீண்ட குழல் போன்ற மடலின் அடியில் ஒரு சிறு அறை. வாசனையில் மயங்கி வரும் சிறு ஈக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். முதலில் பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கும். பிறகு ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும். அதைச் சுமந்துகொண்டு ஈக்கள் விடுபட்டு அடுத்த பூவுக்குப் போகும். வெளியே எளிய புல் போலத் தெரியும் ஒரு செடிக்குள் இத்தனை நுட்பமான ஏற்பாடு இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

வேரூன்றிய பிறகு ஓடுதண்டு விட்டுத் தொட்டியை நிரப்பிவிடும். மிஞ்சிய செடிகளை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். இலங்கையின் இன்னொரு இனமான 'பெக்கெட்டி' அமெரிக்காவில் டெக்சாஸின் சான் மார்கோஸ் ஆற்றில் புகுந்து பரவி, அங்கு மட்டுமே வளரும் அரிய காட்டு நெல்லுக்கு அச்சுறுத்தலாகியது. ஆற்றுக்குள் இறங்கி அதை அகற்ற வேண்டியிருந்தது. வேண்டாத செடியைத் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். இல்லையேல் வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.