மின்னஞ்சலும் கடைத் தபாலே!

நம் தந்தையார் காலத்துக் கடைகளில் கல்லாப் பெட்டிக்கு அருகே ஒரு வளைந்த கம்பி தொங்கும். காலையில் வந்த தபாலை முதலாளி தம் கையாலேயே பிரித்துப் படிப்பார். ஆர்டர் என்றால் சிட்டையில் ஏறும். பாக்கி கேட்டு வந்திருந்தால் பேரேட்டைப் பார்த்துப் பதில் போகும். பதில் எழுதிய தேதியைக் கடிதத்தின் மூலையில் குறித்த பிறகுதான் அது கம்பியில் குத்தப்படும். கம்பிக்குப் போகாத கடிதம் மேசையில் கிடந்தால், ஏதோ ஒரு வேலை பாக்கி என்று பொருள்.

இன்று கடைக்கு வரும் கடிதங்கள் குறைந்துவிடவில்லை. பல மடங்கு பெருகியிருக்கின்றன. அவை மின்னஞ்சலாக வருகின்றன என்பதுதான் வேறுபாடு. ஆனால் அந்தக் கம்பி ஒழுங்கை நாம் கைவிட்டுவிட்டோம். இணையத்தில் சிறிய அளவில் கடை விரித்திருக்கும் உறுப்பினர்களுக்கு இதனால் எவ்வளவு நட்டம் வருகிறது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

ஓர் உறுப்பினருக்கு நேர்ந்தது

பாத்திர வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர், தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுதச் சொல்லி நம்மிடம் கூறியது இது. 2023 தீபாவளிக்குச் சரக்கு எடுக்கும் நேரம். மொராதாபாத்தில் வழக்கமாகப் பித்தளைச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை பணத்தைக் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்" என்று இருந்தது. ஆர்டர் எண் சரி. தொகை சரி. கடிதத்தின் நடையும் அவருடையதே. நம் உறுப்பினர் அன்றே இரண்டே முக்கால் லட்சம் ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். செய்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துச் சரக்கு ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. கணக்கு மாறவே இல்லை. அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டிக்குள் எவனோ புகுந்து, கடிதப் போக்குவரத்தைப் படித்துக்கொண்டிருந்து, பணம் கைமாறும் நேரம் பார்த்துப் போலிக் கடிதம் எழுதியிருக்கிறான்.

இதில் நம்மை மிகவும் வருத்திய செய்தி வேறு. மொராதாபாத் வியாபாரி இரண்டு நாள் முன்பே தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் எச்சரிக்கை எழுதியிருந்தார். அது நம் உறுப்பினரின் பெட்டிக்கும் வந்திருந்தது. தள்ளுபடி விளம்பரங்களும் வங்கி அறிவிப்புகளுமாகப் பிரிக்கப்படாத நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு அடியில் அது கிடந்தது. கம்பி ஒழுங்கு இருந்திருந்தால் பணம் தப்பியிருக்கும்.

பெட்டி யாருடையது?

முதலில் பார்க்க வேண்டியது முகவரி. பெரும்பாலான சிறு கடைகள் முதலாளியின் மகன் பெயரிலோ, கணக்கெழுதும் தம்பி பெயரிலோ தொடங்கிய இலவச முகவரியைத்தான் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருக்கின்றன. அந்தத் தம்பி வேலையை விட்டுப் போனால், கடைக்கு வரும் ஆர்டரும் அவரோடு போய்விடுகிறது.

கடையின் இணையதளத்துக்குச் சொந்தப் பெயர் இருந்தால், அதே பெயரில் மின்னஞ்சல் முகவரியும் வைத்துக்கொள்ளலாம். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பிரித்துக்கொண்டால் ஆர்டரும் பாக்கிக் கடிதமும் ஒன்றோடொன்று கலக்காது. நாளை வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது. அந்தத் தளப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் பேரில் பதிவாகியிருந்தால், வாடகை நாம் கட்டினாலும் கடைப் பத்திரம் அடுத்தவர் பேரில் இருப்பது போலத்தான். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அது காலாவதியானால் இணையதளத்தோடு மின்னஞ்சலும் நின்றுவிடும்.

மின்னஞ்சல் பெட்டி வெறும் கடிதப் பெட்டியும் அன்று. கடையின் சாவிக்கொத்தே அதில்தான் இருக்கிறது. இணையக் கடை, பணம் பெறும் வசதி, கூரியர் கணக்கு ஆகியவற்றில் கடவுச்சொல் மறந்துபோனால், புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு அந்தப் பெட்டிக்கே வருகிறது. ஆகவே அதற்குத் தனிக் கடவுச்சொல்லும், கைபேசி வழியான இரண்டாவது பூட்டும் கட்டாயம் தேவை. அமைப்புப் பகுதியில், நமக்கு வரும் கடிதங்கள் தெரியாத முகவரி எதற்காவது தானாக அனுப்பப்படுகின்றனவா என்றும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே புகுந்த திருடர்கள் முதலில் செய்துவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று.

இருவேளைத் தபால்

நாள் முழுதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது மின்னஞ்சல் நிர்வாகம் ஆகாது. காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, மாலையில் கூரியர் போனதும் ஒருமுறை என இருவேளை உட்கார்ந்தால் போதும். ஆனால் உட்காரும்போது ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முடிவு ஏற்பட வேண்டும். ஆர்டர், பணம், புகார், மற்றவை என்று நான்கு உறைகள் வைத்துக்கொள்ளுங்கள். பதில் போனது உறைக்குப் போகும். பதில் போகாதது மட்டுமே கண்ணெதிரே நிற்கும். பழைய கம்பியின் கணக்கும் இதுதானே!

வேண்டாத கடிதங்கள் தானாகப் போய்ச் சேரும் ஸ்பாம் பகுதியையும் தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய வாடிக்கையாளரின் முதல் விசாரணை அங்கே போய் விழுவது உண்டு.

புகாருக்குப் பதில் எழுதுவது இப்போது மரியாதை மட்டுமன்று, சட்டமும்கூட. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

எதையும் அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்திருக்கிறது. விலையும் கெடுவும் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், வழக்கு என்று வரும்போது அது நமக்குத் துணை. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் கொள்முதல் பில்களும் இதில் அடங்கும் என்பதால், அவற்றைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நாம் அனுப்பும் கடிதம்

அடுத்தது விளம்பரம். கேளாமல் அனுப்பும் விளம்பரக் கடிதம் புதிதன்று. 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, அன்றைய அர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அன்று எழுந்த எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. "ஐம்பதாயிரம் முகவரிகள், மலிவு விலை" என்று பட்டியல் விற்க வருபவர்களிடம் ஏமாறாதீர்கள். நம்மை அறியாதவர் நம் கடிதத்தை "ஸ்பாம்" என்று தள்ளினால், நம்மை அறிந்த வாடிக்கையாளருக்குப் போகும் கடிதமும் நாளடைவில் அதே குப்பையில் விழும்.

பில் போடும்போதே, "புதுச் சரக்கு வந்தால் எழுதலாமா?" என்று கேளுங்கள். சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அப்படிச் சேர்ந்த இருநூறு பெயர், விலைக்கு வாங்கிய ஐம்பதாயிரத்தைவிட மதிப்புள்ளது. போதும் என்று ஒருவர் சொன்னால் அன்றே பெயரை நீக்கிவிட வேண்டும்.

எழுதுவது பயனுள்ளதாக இருக்கட்டும். "மாபெரும் தள்ளுபடி!" என்று வாரம் மூன்று முறை அலறினால் யாரும் பிரிக்க மாட்டார்கள். "தை மாதக் கல்யாணத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுப்பவர்கள் மார்கழி 15-க்குள் ஆர்டர் கொடுத்தால், பெயர் பொறித்துக் கொடுக்க முடியும்" என்று ஒரே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பெண் வீட்டார் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். தேதி, சரக்கு, விலை, தொலைபேசி எண் ஆகிய நான்கும் இருந்தால் அலங்காரம் எதுவும் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சி.சி. என்பது நம் பில் புத்தகத்தில் வைக்கும் கார்பன் தாளின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த இடத்தில் இருநூறு முகவரிகளையும் போட்டால் இருநூறு பேருக்கும் நம் வாடிக்கையாளர் பட்டியல் முழுதும் தெரிந்துவிடும். போட்டிக் கடைக்காரர் கையிலும் அது கிடைக்கும். பி.சி.சி. என்ற மறைநகல் இடத்திலேயே போடுங்கள். எண்ணிக்கை பெருகினால், இதற்கென உள்ள அனுப்பும் சேவை ஒன்றை அமர்த்திக்கொள்ளுங்கள்.

மூன்று முத்திரைகள்

சொந்தப் பெயரில் முகவரி வைத்திருப்பவர்கள், இணையதளம் அமைத்தவரிடம் மூன்று சொற்களைச் சொல்லிக் கேட்க வேண்டும்: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். "என் கடைச் சரக்கு இன்னின்ன லாரி சர்வீஸில்தான் வரும்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது முதலாவது. மூட்டையின் மேல் இடும் அரக்கு முத்திரை போன்றது இரண்டாவது. "லாரியும் பொருந்தவில்லை, முத்திரையும் பொருந்தவில்லை என்றால் மூட்டையை உள்ளே விடாதே" என்று வாங்குபவரின் வாயிலில் சொல்லிவைப்பது மூன்றாவது. இவை இருந்தால் நம் முகவரியையே போட்டுப் பிறர் போலிக் கடிதம் அனுப்புவது கடினமாகும்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கியுள்ளன. ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதும் எவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட "ஸ்பாம்" என்று புகார் செய்யும் நிலை வரக் கூடாது.

பணம் என்றால் குரல் கேட்க வேண்டும்

மேற்சொன்ன முத்திரைகளும் எல்லாத் திருட்டையும் தடுத்துவிடா. ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். இப்படி ஓரெழுத்து மாற்றிப் புது முகவரியே பதிவு செய்துவிடுகிறார்கள். சில சமயம் உண்மையான பெட்டியிலிருந்தே போலிக் கடிதம் வருகிறது. ஆகவே கடையில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்: வங்கிக் கணக்கு மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், நம் பழைய பில்லில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து, பழகிய குரலைக் கேட்ட பிறகே பணம் போகும். வந்த கடிதத்திலேயே உள்ள எண்ணுக்குப் பேசுவதில் பயனில்லை. அதை எடுப்பவனும் திருடனாகவே இருப்பான்.

நம் உறுப்பினர் பணம் அனுப்பிய நாளில் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2025 ஏப்ரல் 1 முதல் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்புவதற்கு முன் அந்தக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்பதைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தவறு நடந்தே விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். திருடன் எடுத்துவிடுவதற்கு முன் தகவல் போனால் பணத்தை முடக்கி வைக்க வழியுண்டு. நம் உறுப்பினருக்கு விஷயம் தெரியவே ஒன்பது நாள் ஆகிவிட்டது. அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை.

அவர் இப்போது காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகத் தபால் பார்க்கிறார். பதில் போகாத கடிதம் இருந்தால் மாலையில் கடை கட்டுவதில்லை. "அப்பா சொல்லிக் கொடுத்த வேலைதான், கம்பியைக் கழற்றியபோது அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன்" என்று அவர் நம்மிடம் சொன்னார். உறுப்பினர்கள் இந்த வாரமே ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கி, பெட்டி யார் பேரில் இருக்கிறது, பிரிக்காத கடிதம் எத்தனை, கணக்கு மாற்றக் கடிதம் வந்தால் கடையில் யார் தொலைபேசி செய்து விசாரிப்பது என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.