குருதியில் திரியும் புற்றணுக்கள்: எண்ணிக்கையும் இயல்பும்

மணப்பாடு உள்ளிட்ட தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், குளிப்பை அறிவிக்கும் முன்னர் முத்துப்பார்களிலிருந்து மாதிரிக்காகச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டே, குளிப்பு நடத்துவது பயன்தருமா என்பது முடிவு செய்யப்பட்டது. பெரும்பாலான சிப்பிகளில் முத்து இராது. அரிதாய்க் கிடைப்பதைக் கொண்டு காணாத பரப்பைக் கணிக்கும் இதே இடர்ப்பாடு, குருதியில் புற்றணுக்களைத் தேடுவோருக்கும் உண்டு.

ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 500 கோடிச் சிவப்பணுக்களும் பல லட்சம் வெள்ளணுக்களும் உள்ளன. நோய் பரவிய ஒருவரிடத்தில்கூட அதே அளவு குருதியில் புற்றணுக்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டே இருக்கும். ஒன்றும் இல்லாதிருப்பதும் உண்டு. 1869ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியில் கட்டியின் உயிரணுக்களை ஒத்தவற்றை நுண்ணோக்கியில் கண்டு பதிவு செய்தார். எனினும் அவற்றைப் பிரித்தெடுக்கும் நம்பகமான கருவி வாய்க்க நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

இங்கு நம் மொழி குறித்து ஒன்று கூறலாம். ‘புற்று’ என்னும் சொல் ஓரிடத்தில் நிலைத்து வளரும் மேட்டையே நினைவூட்டுகின்றது. ஆயின் மழைக்குப் பின் கரையான் புற்றிலிருந்து ஈசல்கள் புறப்படுவதையும் நாம் அறிவோம். அவற்றுள் மிகப் பல மடிகின்றன. மிகச் சிலவே வேறிடத்தில் புதுப்புற்றுக்கு வித்திடுகின்றன. கட்டியிலிருந்து குருதிக்குள் இறங்கும் உயிரணுக்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. புற்றுநோய் இறப்புகளில் பெரும்பகுதி இவ்வாறு நோய் பரவுவதால் நேர்வது.

செல்சர்ச் எனும் கருவி, புறத்தோல் வகை உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள எப்கேம் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை நுண்காந்தத் துகள்களில் பிணைத்து, 7.5 மில்லிலிட்டர் குருதியிலிருந்து புற்றணுக்களை இழுத்தெடுக்கின்றது. பரவிய மார்பகப் புற்றுநோயில் இந்த அளவு குருதியில் ஐந்தோ அதற்கு மேலோ இருப்பின் வாழ்நாள் குறைவு என்பதை 2004ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. உடலின் குருதி ஐந்து லிட்டர் எனக் கொண்டால், மாதிரியில் அகப்படும் ஒன்று அந்நேரத்தில் உடலெங்கும் ஏறத்தாழ 670 இருக்கக்கூடும் என்பதைக் குறிக்கும். மாதிரியில் ஒன்றும் அகப்படாமை உடலில் ஒன்றும் இல்லாமை ஆகாது.

எண்ணிக்கை மட்டும் நோயாளிக்கு உதவுமா? முதற்சுற்று மருந்துக்குப் பின்னும் எண்ணிக்கை குறையாத மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மருந்தை உடனே மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. மாற்றியோர் மாற்றாதோரை விட நீண்டநாள் வாழவில்லை. மருந்து பயன்படவில்லை என எண் அறிவித்தது. எந்த மருந்து பயன்படும் என அது அறிவிக்கவில்லை.

இதனாலேயே ஒவ்வோர் அணுவையும் தனித்து ஆராய்வது இன்றியமையாததாகின்றது. அனைத்தையும் கலந்து ஆராய்ந்தால் உடன்வரும் வெள்ளணுக்களின் மரபுச்செய்தியே மேலோங்கும். புற்றணுக்களிடையே உள்ள வேறுபாடும் சராசரியில் மறையும். சுனிதா நாகரத் முதலானோர் 2007இல், எதிர்ப்பொருள் பூசிய 78,000 நுண்தூண்கள் கொண்ட சில்லு வழியாகக் குருதியை மெல்லச் செலுத்தி இவற்றைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே சியாமளா மகேஸ்வரன் குழுவினர், அவ்வாறு பிடிபட்ட நுரையீரல் புற்றணுக்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றங்களையும், மருந்தை எதிர்க்கும் மாற்றத்தையும் கண்டறிந்தனர். கட்டியை மீண்டும் ஊசியால் குத்தாமல் பெற்ற செய்தி இது.

ஆயினும் தூண்டிலே ஐயத்திற்குரியது. கட்டியை விட்டகலும் சில அணுக்கள் தம் புறத்தோல் இயல்பை இழந்து, இடம்பெயரும் இயல்பைப் பெறுகின்றன; அப்போது எப்கேமும் குறைகின்றது. எளிதில் பரவவல்லவையே வலையில் தப்புகின்றன என்று கருத இடமுண்டு. எதிர்ப்பொருளை நாடாமல், உருவளவும் விறைப்பும் கொண்டு பிரிக்கும் முறைகள் இக்குறையை ஈடுசெய்ய முயல்கின்றன. அவற்றில் வெள்ளணுக்கள் மிகுதியாய் உடன்வருவது வேறொரு தொல்லை. கூட்டமாய்த் திரிவனவோ இன்னும் அரியவை. 2014இல் எலிகளில் நடத்திய மார்பகப் புற்று ஆய்வில், அவை தனியணுக்களைக் காட்டிலும் 23 முதல் 50 மடங்கு பரவும் ஆற்றல் பெற்றிருந்தன. அணுக்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுக்கும் முனைப்பில் அக்கூட்டங்களைச் சிதைத்துவிடாத கருவியமைப்பே இப்போதைய தேவை.